ஹெட்லைட்டுக்குப் பின்னால்

செப்டம்பர் 6, வெள்ளி

காலை 130/80. மாலை 126/82.

இந்த டைரி மருந்துக் கடையில் கொடுத்தது. ஜனவரியில் கொடுத்து மிச்சம் கிடந்ததாம். இவருக்குக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதிவைத்து, அடுத்த தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நர்ஸ் சொன்னது. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் எழுத வரும். நம்பரை எழுதின பிறகு பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அதனால் எழுதுகிறேன். டாக்டருக்கு நம்பரை மட்டும் வேறு தாளில் எடுத்துக்கொண்டு போகலாம்.

எங்கள் ஊர் புளியங்குடி. இப்போது மதுரையில், ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், ரஞ்சிதம் அக்கா வீட்டு மாடியில் ஒரு ரூம் எடுத்து இருக்கிறோம். இவர் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி. அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகஸ்டில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மூன்று மாதத்துக்கு இவருக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது, மீறினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்றார். எங்கள் மகள் முப்பி விஷயம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

அதனால் இவரிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டிலேயே யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டில் முப்பி படத்துக்கு மாலை போட்டிருக்கும். வாராவாரம் செக்கப் இருக்கிறது, இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. ரஞ்சிதம் அக்கா கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். “நீ ஒண்ணும் செய்யலையாத்தா?” என்று கேட்டார்கள். மாவு இல்லை என்றேன்.

இவர் கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, “முப்பி பேசுனாளா?” என்றார்.

“பேசுனா. புனேயில மழையாம். மெஸ்ஸுல இன்னைக்கி பூரியாம்.”

“நேத்தும் பூரின்னியே.”

“நேத்தும்தான்.”

ஆபரேஷன் ஆனவர்கள் செல்போனைக் காதில் வைக்கக் கூடாது என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். அது பொய். போனை இங்கே கொடு, நானே பேசுகிறேன் என்று ஒரு நாள் பிடுங்குவார் என்று பயந்துகொண்டே இருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை. சாமி புண்ணியம்.

பிறகு சொன்னார், “மழை, பூரி எல்லாம் கெடக்கட்டும். அவ ஆராய்ச்சி என்ன ஆச்சுன்னு கேளு. அதத்தானே அவ வாயி ஓயாம பேசுவா.”

எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் அப்பாவிடம்தான் அதெல்லாம் பேசுவாள். நான் சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்பதோடு சரி.

செப்டம்பர் 9, திங்கள்

தண்ணீர் பிடிக்கக் கீழே போகிற சாக்கில் தௌபீக்குக்குப் போன் போட்டேன். தௌபீக் முப்பியோடு புனேயில் ஆராய்ச்சி செய்கிற தம்பி. காயல்பட்டினத்துப் பிள்ளை. அன்றைக்கு முப்பியை ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தத் தம்பிதான். அவள் போனை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். என்னிடம் இருந்தால் இவர் கண்ணில் பட்டுவிடும்.

“தம்பி, அவ என்னதான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தா? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க. இவுக கேக்காக. எதாவது சொல்லணும்” என்றேன்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “அப்பா கேட்டாங்களா?” என்றார். ஆமாம் என்றேன். பிறகு நிதானமாகச் சொன்னார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். குடம் வழிந்து ரஞ்சிதம் அக்கா சத்தம் போட்டார்கள்.

வானத்தில் நம் சூரியன் மாதிரி கோடி கோடியாகச் சேர்ந்து ஒரு கூட்டம் இருக்கிறதாம். அதற்கு கேலக்ஸி என்று பேர். ரொம்ப தூரத்தில் இருக்கிற சில கேலக்ஸிக்கு நடுவில் ஒரு கறுப்புக் குழி, சுற்றி இருப்பதை எல்லாம் விழுங்குகிறதாம். விழுங்கும்போது வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அது அந்தக் கூட்டத்தையே மறைத்துவிடுமாம். அந்த வெளிச்சத்துக்குக் குவேசார் என்று பேர். எல்லாரும் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். முப்பி அதைச் சுற்றி இருக்கிற கூட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டாளாம்.

மேலே வந்து எனக்கு ஞாபகம் இருந்த வரைக்கும் இவரிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏட்டி, இது தெரியாதா? ராத்திரி எதிர வாரவன் லைட்ட டிம் பண்ணாம வந்தா என்ன தெரியும்? லைட்டுதான் தெரியும். அது பஸ்ஸா, லாரியா, உள்ள எத்தன ஆளுன்னு ஒண்ணும் தெரியாது. எம் மக லைட்டுக்குப் பின்னால இருக்க வண்டியப் பாக்கா.”

ரொம்ப நாளைக்கு அப்புறம் ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். 124/80.

செப்டம்பர் 12, வியாழன்

கொழுந்தன் முத்துக்குட்டி பார்க்க வந்தார். எலுமிச்சம்பழம் ஒரு பை. நான் அவரைக் கண்டதும் திக்கென்று ஆகிவிட்டது. கொள்ளி வைத்தவர், பதினாறாம் நாளும் மொட்டை போட்டிருக்கிறார். தலையில் ஒரு தொப்பி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த வெயிலில் யார் தொப்பியோடு ரூமுக்குள் உட்காருவார்கள்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “தொப்பியக் கழட்டுலே” என்றார்.

கழற்றினார்.

“திருச்செந்தூருல முடி எறக்குனேண்ணே. ஒனக்கு நல்லபடியா ஆகணும்னு நேந்திருந்தேன்.”

“எப்பவும் சாமி கும்பிடாத பய. எனக்காகவா?”

“ஆமாண்ணே.”

“இங்க வா.”

கிட்டே போனதும் அந்தத் தலையில் கையை வைத்தார். முடி முள்ளு முள்ளாக வளர்ந்திருந்தது. தடவிக்கொண்டே இருந்தார். “மண்டை நல்ல வடிவாத்தாம்லே இருக்கு. முன்னமே அடிச்சிருக்கலாம்” என்று சிரித்தார். கை எடுக்கவே இல்லை. கொழுந்தன் குனிந்தபடியே இருந்தார். எனக்குப் பார்க்க முடியாமல் காப்பி போடப் போய்விட்டேன்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது கொழுந்தன், “அண்ணன் நம்பிட்டாகல்லா மதினி?” என்றார். நம்பிட்டாக என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தௌபீக் தம்பி இரண்டாம் பாடம் சொன்னார். அந்த வெளிச்சம் நம்மிடம் வருகிற வழியில், நடுவே இன்னொரு கேலக்ஸி குறுக்கே நிற்கிறதாம். அதன் கனத்தில் வெளிச்சமே வளைந்து வருமாம். வளைந்து பெரிதாகத் தெரியுமாம், பூதக்கண்ணாடி வைத்த மாதிரி. அதுமட்டும் இல்லை, ஒன்றே பலதாகத் தெரியும். அப்படிப் பெரிதாக்கிக் காட்டவில்லை என்றால் அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்க்கவே முடியாதாம். அதனால்தான் முப்பி அதைத் தேர்ந்தெடுத்தாளாம்.

துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன். “ஒண்ணுதானாம், ஆனா ரெண்டாத் தெரியுமாம்.”

“நாலுல்லா” என்றார்.

நாலுதான். நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன். முன்னாலேயே ஒரு தடவை சொல்லியிருப்பேன் போல. இனிமேல் சொன்னதை எல்லாம் இதில் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று ஒரு மாதம். பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன். இவரே பார்த்துச் சொன்னார். எழுதவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

காலை 128/80.

செக்கப் போய் வந்தோம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். இவர் உடனே, “எம் மகளுக்கு மூளை எங்கருந்து வந்துச்சுன்னு நெனைக்கீங்க” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வருகிற வழியில் இவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எனக்குப் பூ வாங்கினார். ஒரு முழம் மல்லிகை. வைத்துக்கொள் என்று நீட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ரூமுக்கு வந்ததும் சாமி படத்துக்குப் போட்டுவிட்டார். முன்னாலெல்லாம் வாங்கினால் அவர் கையாலேயே வைத்துவிடுவார். மறந்துவிட்டார் போல. ஆபரேஷனுக்கு அப்புறம் மறதி வரும் என்று சொன்னார்கள்.

அக்டோபர் 5, சனி

இப்போதெல்லாம் தௌபீக் தம்பியிடம் பேசுகிற நாள் வந்தால் காலையிலேயே எழுந்துவிடுகிறேன். இன்றைக்குத்தான் முக்கியமானது சொன்னார். முப்பி தேடினது வாயுவாம். அடுப்புக் கேஸ் மாதிரி இல்லை. வானத்தில் குளிர்ந்து போய்க் கிடக்கிற வாயு. அதிலிருந்துதான் புது நட்சத்திரம் பிறக்கும். வாயு இருந்தால் இன்னும் பிறக்கும். தீர்ந்து போனால் அவ்வளவுதான், இருக்கிறதை வைத்துக்கொண்டு அந்தக் கேலக்ஸி கிழடாகிவிடும். நடுவில் இருக்கிற குழி எல்லாவற்றையும் தின்றும் ஊதியும் தீர்த்துவிட்டதா, மிச்சம் வைத்திருக்கிறதா, அதுதான் அவள் கேள்வி.

“அத எப்படித் தம்பி பாக்குறது?”

“நேரா பாக்க முடியாதும்மா. அதோட கலந்து இன்னொண்ணு இருக்கும். அது குடுக்கிற ரேடியோ அலை நமக்கு வரும். அத வச்சுக் கணக்குப் போடுவோம்.”

அந்த இன்னொன்றின் பேர் என் வாயில் நுழையவில்லை. தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு தேசமாம். அங்கே மலைமேல் பாலைவனத்தில் பெரிய பெரிய டிஷ் நிறுத்தியிருக்கிறார்களாம். முப்பி எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாளாம். யாரும் போக வேண்டாம், அவள் முறை வரும்போது அங்கே இருப்பவர்களே பார்த்து அனுப்புவார்கள். அவள் முறை இன்னும் வரவில்லை. இப்போது தம்பி பேருக்கு மாற்றியிருக்கிறார்கள்.

“நிறுத்திட மாட்டாகளே?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. அது வரும்.”

இவரிடம் வந்து, அவள் முறை வருமென்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். இதில் பொய் ரொம்பக் கொஞ்சம்தான். வாயுவைப் பற்றிச் சொல்லும்போது, “கூட ஒண்ணு கலந்திருக்குமாம், பொகை மாதிரி, பேரு வரல” என்றேன்.

“கார்பன் மோனாக்சைடு.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருசம் டீசல் வண்டி ஓட்டுனவன்கிட்ட கேக்கா பாரு. சைலன்சர்ல வாரது என்னவாம்?” என்றார்.

சரிதான்.

அக்டோபர் 14, திங்கள்

அவள் முறை வந்துவிட்டது. பார்த்துவிட்டார்களாம். ஆனால் வந்ததைச் சுத்தம் செய்து, கூட்டிக் கழித்து, என்னவென்று சொல்ல இன்னும் வாரக்கணக்கில் ஆகும் என்றார் தம்பி.

இன்னொன்றும் சொன்னார். அந்த நாலு வெளிச்சமும் நாலு வழியில் வருகிறதே, வழி ஒன்று நீளம் ஒன்று குட்டை. அதனால் அங்கே திடீரென்று ஒன்று நடந்தால், ஒரு புள்ளியில் முன்னால் தெரியுமாம். மற்றதில் சில நாளோ சில மாதமோ கழித்துத்தான் தெரியும்.

“அப்ப பிந்தி வர்றதுல அது இன்னும் நடக்கலையா தம்பி?”

“நமக்கு இன்னும் வந்து சேரல, அவ்வளவுதாம்மா. நடந்தது நடந்ததுதான்.”

இதை இவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

காலை 118/74. மாலை 150/92.

மூன்று நாளாக இவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறார், பேச்சில்லை. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. பயந்துபோய்விட்டேன். என்ன சொன்னால் இந்தப் பக்கம் திரும்புவார் என்று யோசித்தேன்.

மதியம் கீழே போய் நின்றுவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்தேன்.

“ஏங்க, முப்பி போன் பண்ணுனா. கெடச்சிட்டாம்! வாயு நெறைய இருக்காம். யாரும் நெனைக்காத அளவுக்கு இருக்காம்.”

திரும்பினார். என் முகத்தையே பார்த்தார்.

“அவளே சொன்னாளா?”

“அவளேதான்.”

“சந்தோசமா இருந்தாளா?”

“சந்தோசம்னா சந்தோசம், பேச்சே வரல அவளுக்கு. அப்பாட்ட மொதல்ல சொல்லும்மான்னா.”

எழுந்து பாத்ரூமுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டுவிட்டார். தொட்டித் தண்ணீர் தீருகிற வரைக்கும் ஓடியது, ரஞ்சிதம் அக்கா கீழேயிருந்து கத்தினார்கள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றார். கஞ்சியைக் குடித்தார்.

மாலையில் பிரஷர் ஏறியிருந்தது. சந்தோசத்திலும் ஏறும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறது. தௌபீக் தம்பியின் முடிவு வந்து வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வேன் என்று பிறகுதான் தோன்றியது.

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. தெருவெல்லாம் வெடிச் சத்தம். ரஞ்சிதம் அக்கா மேலே வந்து, “மகளுக்கு லீவு விடலையாத்தா? தீவாளிக்குக் கூடவா வரல?” என்றார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். “சரி, நீ முறுக்கு சுடு. என் சட்டியத் தாரேன்” என்று இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் துட்டி விழுந்த வீட்டில் ஒரு வருசத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. பலகாரம் சுட மாட்டோம். சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வது. நாமாக அடுப்பில் எண்ணெயைக் காய வைத்தால் போனவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

இத்தனை வருசத்தில் நான் முறுக்கு சுடாத தீபாவளி இல்லை. சுடவில்லை என்றால் இவர் ஏன் என்று கேட்பார். காரணம் என்ன சொல்வது. இன்னும் இருபது நாளில் டாக்டர் சொன்ன கெடு முடிகிறது. இத்தனை நாள் காப்பாற்றியதை ஒரு முறுக்கில் விட முடியாது.

மாவு பிசைந்து வைத்துவிட்டேன். எனக்குப் பாவம் வந்தால் வரட்டும். முப்பி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நவம்பர் 1, வெள்ளி

முந்தாநாள் நடந்ததை எழுதுகிறேன்.

அடுப்பில் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினேன். இவர் கட்டிலில் படுத்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காயும் வாசனை வந்தது. பேப்பரைக் கீழே போட்டார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அடுப்பை அணைத்தார்.

“வேண்டாம் வெள்ளத்தாயி” என்றார்.

இவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து ஏட்டிதான்.

“ஏன், ஒங்களுக்கு எண்ணெ ஆகாதுன்னா? நீங்க திங்க வேண்டாம், சும்மா பேருக்கு நாலு...”

“நம்ம வீட்ல இந்த வருசம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுல்லா.”

பிழிகிற அச்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்ப தெரியும்?” என்றேன்.

“ரூமுக்கு மாத்துனாகல்லா, அதுக்கு மறுநா. நீ மருந்து வாங்கப் போயிருந்த. பக்கத்துப் பெட்டுக்காரரு போன வாங்கி அவளுக்குப் போட்டேன். அந்தப் பையன் எடுத்தான். பொய் சொல்லிப் பாத்தான், அவனுக்கு வரல. அழுதுட்டான்.”

ஆகஸ்டிலேயே தெரியும். நான் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பின ரெண்டு நாளில். நெஞ்சில் தையல் போட்டிருக்கும்போதே.

“ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஆகல. பாத்தியா, ஆகல.” அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டவர் மாதிரி இருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “அப்ப எல்லாந் தெரிஞ்சுக்கிட்டா படுத்துக்கெடந்தீக? நான் கூத்தாடிக் கணக்கா மாடிக்கும் கீழைக்கும் ஓடி ஓடி, பூரி தின்னா, மழை பேஞ்சுது, வாயு கெடச்சுதுன்னு... நீங்க வேடிக்க பாத்தீகளா?”

“ஏட்டி, நீ அவ பேசுனான்னு வந்து சொல்லும்போதுதான் ஒம் மொகம் மொகமா இருந்துச்சு. அதுக்குத்தான் நீ குளிச்ச, சோறு தின்ன. நான் தெரியும்னு சொல்லிட்டா நீ எதுக்கு எந்திரிப்ப? அந்தப் பையன்ட்டயும் சொல்லிவச்சேன், அம்மா கேட்டா நல்லா வெளக்கிச் சொல்லுப்பான்னு. நானும் நீ கடைக்குப் போற நேரம் அவன்ட்ட கேட்டுக்கிடுவேன். கட்டிலுக்கு அடியில ஒரு பழைய போனு வச்சிருக்கேன். பெறவு ஒரு தடவ வந்தப்ப முத்துக்குட்டி கொண்டாந்தான்.”

“கொழுந்தனுக்கும் தெரியுமா?”

“மொட்டைய நான் தடவுனன்னைக்கே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்பிட்டாகல்லான்னு ஒன்ட்ட கேட்டதும் சும்மாத்தான்.”

வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார், “ஒனக்காக மட்டும் இல்ல. எனக்கும் கேக்கணும்போல இருந்துச்சு. நெசமாவே அவ பேசுத மாதிரிதான் சொன்ன. அன்னைக்கி வாயு கெடச்சிட்டுன்னு சொன்னேல்லா, ஒரு நிமிசம் நம்பிட்டேன்.”

வெளியே சரவெடி வெடித்தது. ரெண்டு பேரும் அது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 2, சனி

தௌபீக் தம்பிக்குப் போன் போட்டுத் திட்டினேன். ஒரே பாடத்தை ரெண்டு பேருக்கும் தனித்தனியாக நடத்தியிருக்கிறீர்களே, நல்ல வாத்தியார் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், “நீங்க ரெண்டு பேரும் கேக்குற கேள்விய அவகிட்ட சொல்லணும்போல இருக்கும்மா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல” என்றார். அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

நவம்பர் 4, திங்கள்

எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

இவர்தான் கஞ்சி வைக்கிறார். உப்பு தனக்குத்தான் ஆகாது என்று மறந்து எனக்கும் போடுவதில்லை. ரஞ்சிதம் அக்காவிடம் இவரே சொல்லிவிட்டார். அவர்கள் மேலே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, “தெரியாம சட்டியக் கொண்டாந்து வச்சேனே, பாவி” என்று அழுதார்கள். நான் அவர்களைத் தேற்றினேன்.

இவ்வளவு நாளும் நாளைக்கு இவரிடம் என்ன சொல்வது என்கிற யோசனை ஒன்று இருந்தது. இப்போது அது இல்லை. விடிந்தால் விடிந்தபடி இருக்கிறது.

இவர் கேட்டார், முப்பிக்குக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று. ஆறு நாள். அப்பாவுக்கு ஆபரேஷன், அம்மாவிடம் வாய் திறக்காதே என்று தௌபீக்கிடம் சத்தியம் வாங்கினாளாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் எனக்குப் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. என்ன என்று கேட்டேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்றாள். கண்டதையும் தின்னாதே என்று சொல்லிவிட்டு, டாக்டர் வருகிறார் என்று வைத்துவிட்டேன்.

“எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துதோம்னு...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

நவம்பர் 9, சனி

கொழுந்தன் கார் கொண்டுவந்தார். புளியங்குடிக்கு வந்துவிட்டோம். தெருப் பெண்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் இறங்கினதும் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அன்றைக்கு ஒரு நாள் வந்துவிட்டு நான் அழாமல் ஓடிப்போனது அவர்களுக்கு இன்னும் தீரவில்லை. இவர் நேராக உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். நெஞ்சில் கை வைத்திருந்தார். பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பார்க்க விடவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

காலை 132/84.

தௌபீக் தம்பி போன் பண்ணினார். “அப்பாவும் பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. யார் பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தோம்.

“முடிவு வந்துட்டுப்பா. மூணு பேரு தனித்தனியா பாத்தோம். வாயு தெரியல.”

“தெரியலைன்னா?” என்றார் இவர்.

“அவ எதிர்பார்த்த இடத்துல, எதிர்பார்த்த அலையில ஒண்ணும் இல்ல. வெறும் இரைச்சல்தான் இருக்கு.”

“அப்ப காலியா தம்பி?” என்றேன்.

“காலின்னு சொல்ல முடியாதும்மா. இருந்தாலும் இன்ன அளவுக்கு மேல இருக்காது. அதத்தான் சொல்ல முடியும்.”

இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். “அப்ப எம் மக உழைச்சது வீணாப் போச்சா?”

“வீணில்லப்பா. இதையும் கட்டுரையா எழுதுவோம். இல்லைங்கிறதையும் எழுதித்தான் ஆகணும். எழுதலைன்னா வேற யாராவது திரும்ப அங்கேயே போயி, இருக்கும் இருக்கும்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. அவ பேருதான் முதல் பேரா வரும். நான் பாதி எழுதிட்டேன்.”

“எழுது. மறைக்காம எழுது” என்றார் இவர். போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் பள்ளிக்கூட வேன்கூட வராத நாள். இருந்தும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சோறு வடித்துவிட்டு வந்து இந்த டைரியை முதலிலிருந்து பார்த்தேன். சில பக்கத்தில் பிரஷர் இருக்கிறது. அவள் சொன்னதாக நான் சொன்னதெல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

என் மகள் முப்புடாதி ஆகஸ்ட் 19-ஆம் தேதி புனேயில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். இருபத்தெட்டு வயது. டெங்குக் காய்ச்சல். நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் இல்லை.